பறக்கும் பெண்ணுக்கு எந்த ஊர்க் கூலி?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆகாய விமானத்தில் வேலை செய்கிற பெண்களைப்பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரிப்பதில் தப்பில்லை. நம்மில் பலர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. கார்டிங் இலாகாவில் பஞ்சுத் தூசியை விழுங்குகிறவனுக்கும், நடவு வயலில் முதுகு முறியக் குனிகிறவளுக்கும், முப்பதாயிரம் அடி உயரத்தில் தட்டு ஏந்தி நடக்கிற பெண்ணோடு என்ன உறவு என்று கேட்கலாம்.

உறவு இருக்கிறது. நம் சங்கத்துத் தோழர் ஒருவர், வைண்டிங்கில் இருபது வருஷமாக வேலை செய்கிறவர், சென்ற மாதம் ஒரு ராத்திரி என் வீட்டுக்கு வந்தார். கூட அவருடைய மகள். பட்டப்படிப்பு முடித்த பெண். கையில் ஒரு கட்டுக் காகிதம். வெளிநாட்டு விமானக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்டு கொடுத்தது. “மாமா, பத்து நாளில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்றாள். நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்தேன்.

அடிப்படைச் சம்பளம் கொஞ்சம். மீதி, பறக்கிற மணிக்கணக்குக்கு. இரண்டு வருஷத்துக்குள் வேலையை விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டவேண்டும். வழக்கு வந்தால் அந்த நாட்டுச் சட்டம், அந்த நாட்டுக் கோர்ட்டு. தங்குவது கம்பெனி விடுதியில். ராத்திரி இத்தனை மணிக்குள் திரும்பிவிட வேண்டும். படிக்கப் படிக்க எனக்கு எங்கேயோ பார்த்த பத்திரம் மாதிரி இருந்தது. நம் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடத்தினார்களே, மூன்று வருஷம் விடுதியில் அடைந்து கிடந்து வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று! அதே சரக்கு. உறை மட்டும் பளபளப்பு.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன். படித்ததில் உங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த வேலை என்ன? காப்பி கொடுப்பதும் தலையணை கொடுப்பதும் அதில் சின்னப் பகுதி. தீப்பிடித்தால் ஜனங்களை வெளியே தள்ளி உயிர் பிழைக்க வைப்பதுதான் உண்மையான வேலை. புது மாதிரி விமானத்துக்கு அனுமதி கொடுக்குமுன் பாதிக் கதவுகளை மூடிவைத்துவிட்டு, மிச்சக் கதவுகள் வழியாக எல்லோரையும் 90 வினாடிக்குள் இறக்கிக் காட்டவேண்டும் என்று விதி இருக்கிறது. 2024 ஜனவரி 2ந் தேதி டோக்கியோவின் ஹானேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தரையிறங்கும்போது இன்னொரு சிறு விமானத்தில் மோதித் தீப்பற்றியது. உள்ளே 379 பேர். விமானம் முழுதும் எரிந்து கரிக்கட்டையாயிற்று. 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். வெளியே கொண்டுவந்தவர்கள் யார்? தட்டு ஏந்துகிறவர்கள் என்று நாம் நினைக்கிறோமே, அவர்கள்தான்.

இந்த வேலைக்குக் கூலி எப்படி? பல கம்பெனிகளில் விமானம் நகர ஆரம்பித்த நிமிஷத்திலிருந்து நிற்கிற நிமிஷம் வரைக்கும்தான் கணக்கு. இரண்டு மணி நேரம் முன்னால் வந்து சோதனை பார்ப்பது, ஜனங்களை ஏற்றுவது, மழையால் விமானம் தாமதமாகிக் காத்துக்கிடப்பது, இதெல்லாம் கணக்கில் சேராது. அறுப்பு அறுக்கப் போகிறவனிடம், அரிவாள் தாளில் படுகிற நேரத்துக்கு மட்டும்தான் கூலி, கட்டுக்கட்டிக் களத்துக்குச் சுமப்பது உன் பாடு என்று பண்ணையார் சொன்னால் எப்படி இருக்கும்? இது ஏழை நாட்டு வழக்கம் என்று எண்ணவேண்டாம். கனடாவில் 2025 ஆகஸ்டில் ஏர் கனடா விமானச் சிப்பந்திகள் பத்தாயிரம் பேர் இதற்காகத்தான் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆரம்பித்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அரசாங்கம் தலையிட்டு, வேலைக்குத் திரும்பு என்று உத்தரவு வாங்கியது. அவர்கள் திரும்பவில்லை. சில நாளில், தரையில் செய்யும் வேலைக்கும் கூலி உண்டு என்று கம்பெனி இறங்கி வந்தது. முழுக் கூலி அல்ல. ஆனால் பூஜ்யமாக இருந்த இடத்தில் ஒரு தொகை ஏறிற்று.

இது சொந்த நாட்டில் வேலை செய்கிறவர்கள் கதை. வெளிநாட்டில் ஆள் பிடித்துக் கொண்டுவந்து வேலை வாங்கினால் என்ன ஆகிறது? அங்கேதான் முதலாளிகளின் மூளை வேலை செய்கிறது.

ஆலையை முதலாளி தூக்கிக்கொண்டு போகமுடியாது. வயலையும் முடியாது. ஆகையால் நீங்கள் வேலை செய்கிற இடத்துச் சட்டம் உங்களுக்குப் பொருந்துகிறது. விமானம் அப்படியல்ல. அது காலையில் ஒரு நாடு, மத்தியானம் ஒரு நாடு. அதற்கும் ஒரு தேசியம் உண்டு. 1944ல் சிகாகோவில் பல நாட்டு அரசாங்கங்கள் கூடிச் செய்த உடன்படிக்கைப்படி, எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ அந்த நாட்டு விமானம் அது. கப்பல் முதலாளிகள் இந்த வித்தையை முன்பே கற்றவர்கள். வரியும் சட்டமும் எங்கே லேசாக இருக்கிறதோ அந்த நாட்டுக் கொடியைக் கட்டிக்கொண்டு, எங்கே கூலி மலிவோ அங்கே மாலுமியைப் பிடிப்பது. 1948 முதல் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் அதை எதிர்த்து இயக்கம் நடத்துகிறது. கடலில் நடந்தது பிறகு ஆகாயத்துக்கு ஏறியது.

பெல்ஜியத்தில் ஷார்ல்ருவா என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையும் நிறைந்த தொழிலாளர் பட்டணம். அங்கேயுள்ள விமான நிலையத்தை ரயன்ஏர் என்ற அயர்லாந்துக் கம்பெனி தன் தளமாக வைத்துக்கொண்டது. போர்ச்சுகல், ஸ்பெயின், பெல்ஜியம் முதலிய நாடுகளின் வாலிபர்களை, சிலரை நேராகவும் சிலரைக் க்ரூலிங்க் என்ற ஏஜென்சி மூலமாகவும் வேலைக்கு எடுத்தது. ஒப்பந்தம் அயர்லாந்துச் சட்டப்படி. சம்பளம் அயர்லாந்துப் பாங்கியில் போடப்படும். தகராறு வந்தால் அயர்லாந்துக் கோர்ட்டு. ஏன்? விமானம் அயர்லாந்தில் பதிவானது, ஆகையால் நீ வேலை செய்கிற இடம் அயர்லாந்து என்று ஷரத்து! ஆனால் அதே ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் இருந்தது. ஷார்ல்ருவா தளத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் குடியிருக்கவேண்டும் என்று. குடியிருப்பது பெல்ஜியத்தில், வாடகை பெல்ஜியத்தில், அரிசி பருப்பு வாங்குவது பெல்ஜியத்தில், காலையில் புறப்படுவதும் ராத்திரி திரும்புவதும் பெல்ஜியத்தில். கூலிக்கும் கோர்ட்டுக்கும் மட்டும் அயர்லாந்து!

மன்னார்குடி வயலில் அறுப்பு அறுக்கிறாய், ஆனால் உன் அரிவாள் வேறு ஜில்லாவில் அடித்தது, ஆகையால் அந்த ஜில்லாவில் போய்க் கூலி கேள் என்கிற நியாயம் இது.

ஆறு பேர் துணிந்தார்கள். வேலை முடிந்தபிறகு, 2011ல் ஷார்ல்ருவா தொழிலாளர் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். 2013ல் அந்தக் கோர்ட்டு, இது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று கையை விரித்தது. மோன்ஸ் நகரத்து மேல்கோர்ட்டுக்குப் போனார்கள். அது விஷயத்தை ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2017 செப்டம்பர் 14ந் தேதி தீர்ப்பு. விமானத்தின் தேசியத்தை வைத்துத் தொழிலாளி வேலை செய்கிற இடத்தைத் தீர்மானிக்க முடியாது. எங்கிருந்து புறப்படுகிறான், எங்கே திரும்புகிறான், எங்கே உத்தரவு வாங்குகிறான், விமானம் எங்கே நிறுத்தப்படுகிறது என்று பார்க்கவேண்டும். தளம் எது என்பது அதற்கு முக்கியமான அடையாளம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் தொழிலாளி தான் வேலை செய்கிற ஊர்க் கோர்ட்டில் வழக்குப் போடலாம். வழக்கு மோன்சுக்குத் திரும்பியது. 2019ல் பெல்ஜியச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு உண்டு என்று அங்கே முடிந்தது. எட்டு வருஷம், தோழர்களே. நம் ஊர் லேபர் கோர்ட்டைப் பற்றி நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். அங்கேயும் அதே நத்தைதான்.

ஆனால் கவனியுங்கள். 2017 தீர்ப்பினால் யாருக்கும் ஒரு காசு கூலி கூடிவிடவில்லை. எந்தக் கோர்ட்டின் கதவைத் தட்டலாம் என்று மட்டுமே அது சொன்னது. ஆயிரக்கணக்கான மற்ற சிப்பந்திகள் அதே அயர்லாந்து ஒப்பந்தத்தில்தான் இருந்தார்கள். அந்தக் கம்பெனி முப்பது வருஷத்துக்கு மேலாக எந்த யூனியனையும் அங்கீகரித்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டது. 2017 கடைசியில் விமானிகள் பற்றாக்குறையால் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் விமானிகள் வேலைநிறுத்தம் என்றார்கள். டிசம்பர் மாதத்தில் கம்பெனி யூனியனோடு பேச ஒப்புக்கொண்டது.

சிப்பந்திகள் முறை 2018ல் வந்தது. ஈஸ்டர் பண்டிகையை ஒட்டிப் போர்ச்சுகலில் மூன்று நாள் நிறுத்தினார்கள். கம்பெனி என்ன செய்தது? வேறு நாட்டுத் தளங்களிலிருந்து சிப்பந்திகளைக் கொண்டுவந்து விமானத்தை ஓட்டியது. கீழத்தஞ்சையிலிருந்து வந்திருக்கிற தோழர்களுக்கு, அறுப்புக் காலத்தில் வெளியூர் ஆள் இறக்குவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. ஒரு நாட்டில் நிறுத்தினால் அடுத்த நாட்டு ஆள் வருவான். ஆகையால் அடுத்த நாட்டுக்காரனோடும் சேர்ந்து நிறுத்தவேண்டும். ஜூலை முதல் வாரம் பல நாட்டுச் சிப்பந்திகள் டப்ளினில், கம்பெனியின் தலைமை ஊரிலேயே, கூடி 34 கோரிக்கைகள் கொண்ட சாசனம் ஒன்றை வெளியிட்டார்கள். தளம் இருக்கும் நாட்டுச் சட்டப்படி ஒப்பந்தம் என்பது அதில் முக்கியமானது. ஜூலை 25, 26 தேதிகளில் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பெல்ஜியத்திலும் இரண்டு நாள், இத்தாலியில் ஒரு நாள் வேலைநிறுத்தம். கம்பெனி சுமார் 600 விமானங்களை ரத்து செய்தது. செப்டம்பர் 28ந் தேதி மறுபடியும். அதற்கு இரண்டு நாள் முன்னால் ஐரோப்பியக் கமிஷனின் தொழிலாளர் இலாகாப் பொறுப்பாளரே கம்பெனித் தலைவரைச் சந்தித்து, விமானத்தின் கொடியல்ல, தொழிலாளி காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புகிற இடமே சட்டத்தைத் தீர்மானிக்கிறது என்று சொல்லவேண்டி வந்தது. இத்தாலியில் உள்ளூர்ச் சட்டப்படி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மற்ற நாடுகளிலும் ஒவ்வொன்றாக வந்தது. சில இடங்களில் வழக்கும் வேலைநிறுத்தமும் பின்னாலும் தொடர்ந்தன.

எல்லா இடத்திலும் இப்படி ஜெயிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் ஜெட்ஸ்டார் கம்பெனியின் சில விமானங்களில் தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் எடுத்த சிப்பந்திகள் வேலை செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற விமானம் ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் பறக்கும்போதும் அவர்களே. அந்த நேரத்துக்காவது ஆஸ்திரேலியக் கூலி கொடு என்று அரசாங்கத்தின் தொழிலாளர் அதிகாரியே வழக்குப் போட்டார். 2014ல் பெடரல் கோர்ட்டு, அந்நாட்டு ஊதிய விதி இவர்களுக்குப் பொருந்தாதென்று தள்ளிவிட்டது. ஒரே விமானத்தில் இரண்டு கூலி! நார்வே நாட்டுக் கம்பெனி ஒன்றும் 2013ல் தூரதேச விமானங்களை அயர்லாந்தில் பதிந்து, பாங்காக்கில் சிப்பந்திகளை எடுத்துப் பறக்கவிட்டது. அமெரிக்க யூனியன்கள் கடுமையாக எதிர்த்தன. இருந்தும் 2016 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. 2021ல் அந்தத் தூரதேசச் சேவையையே கம்பெனி மூடிவிட்டது.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்கலாம்: “பாங்காக்கில் அந்தப் பெண்ணுக்கு உள்ளூரில் கிடைப்பதைவிடக் கூடத்தானே கிடைக்கிறது? ஐரோப்பியத் தொழிலாளி தன் வயிற்றுக்காக அவள் வேலையைக் கெடுக்கிறானா?” நியாயமான கேள்வி. எதிர்ப்புக் காட்டிய சிலருடைய பேச்சில், ஆசியாக்காரியே வேண்டாம் என்கிற தொனி இருந்ததை நான் மறைக்க மாட்டேன். அது தப்பான வழி. அவளை வெளியே தள்ளு என்று கேட்டால் அவள் முதலாளி பக்கம்தான் போய் நிற்பாள். அவளையும் எடு, ஆனால் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கொடுக்கிற கூலியை அவளுக்கும் கொடு என்று கேட்டால் முதலாளிக்கு அவளைத் தூரத்திலிருந்து பிடித்துவருவதில் லாபம் இல்லை. பதிலித் தொழிலாளி விஷயத்திலும், காண்ட்ராக்ட் தொழிலாளி விஷயத்திலும் நாம் ஆலைவாசலில் இதைத்தானே பேசுகிறோம்?

இனி வளைகுடா. நம் பெண்கள் போவது பெரும்பாலும் அங்கேதான். அங்கே பெரிய விமானக் கம்பெனிகளில் சிப்பந்திகள் ஏறக்குறைய எல்லோரும் வெளிநாட்டார். ஷார்ல்ருவாவில் சட்டம் எந்த நாட்டுடையது என்று சண்டை. இங்கே அந்தச் சண்டைக்கே இடமில்லை. தளமும் அங்கே, சட்டமும் அங்கே, ஆனால் அந்தச் சட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளி யூனியன் வைக்க முடியாது.

கத்தார் ஏர்வேஸ், அந்த அரசாங்கத்துக்கே சொந்தமான கம்பெனி. அதன் ஒப்பந்தப்படி கர்ப்பமானால் வேலையிலிருந்து நீக்கலாம் என்று இருந்தது. தகப்பன், சகோதரன், கணவன் தவிர வேறு ஆண்பிள்ளை அந்தப் பெண்ணைக் கம்பெனி வாசலில் இறக்கிவிடவோ ஏற்றிக்கொண்டு போகவோ கூடாது என்றும் இருந்தது. போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமும் சர்வதேசத் தொழிற்சங்க அமைப்பும் 2014ல் ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்திடம் புகார் செய்தன. வேலையில் பாரபட்சம் கூடாது என்கிற 1958ம் வருஷத்து 111வது உடன்படிக்கையைக் கத்தார் ஏற்றுக்கொண்டிருந்தது. 2015 ஜூனில், இந்த இரண்டு ஷரத்துகளும் பெண்களுக்கு எதிரான பாரபட்சம் என்று ஸ்தாபனம் முடிவு சொன்னது. புகாரின் சூட்டில் கம்பெனி விதிகளைத் தளர்த்தியது. கர்ப்பமானவர்களுக்குத் தரையில் வேலை என்றது. அங்கே ஒரு யூனியன் இருந்து கேட்டிருந்தால் ஜெனிவா வரை போகவேண்டியிருக்காது.

அரபு நாட்டைக் குறைசொல்லிவிட்டு நாம் யோக்கியர் மாதிரி உட்காரவேண்டாம். அன்று நம் அரசாங்கத்தின் கையில் இருந்த ஏர் இந்தியாவில் என்ன விதி இருந்தது? விமானப் பணிப்பெண் 35 வயதில், அல்லது வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால், அல்லது முதல் கர்ப்பத்தில் வீட்டுக்குப் போகவேண்டும். பெண்கள் வழக்காடினார்கள். 1981ல் சுப்ரீம் கோர்ட்டு கர்ப்ப ஷரத்தை அடித்துப்போட்டது. நாலு வருஷக் கல்யாண ஷரத்தைச் சரி என்று விட்டுவிட்டது!

நம் பாட்டன்மார் கங்காணி பேச்சைக் கேட்டு இலங்கைத் தோட்டத்துக்குப் போனார்கள். தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு. தொழிலாளி பேரில் கடன். கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் தோட்டம் மாற முடியாது. அந்தத் துண்டு முறையை 1921ல் ஒழித்தார்கள். வைண்டிங் தோழருடைய மகளின் ஒப்பந்தத்தில் பயிற்சிச் செலவு ஷரத்தைப் படித்தபோது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது.

அவளைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை? இங்கே அவளுக்கு என்ன வேலை வைத்திருக்கிறோம்? கேட்டுப் போ என்றேன். பத்தாவது தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனால் 1983ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி அதிகாரியின் அனுமதி வேண்டும். அவர் ஒப்பந்தத்தைப் பார்ப்பார். படித்த பெண்ணுக்கு அந்த அனுமதி தேவையில்லை. அதாவது, அவளுடைய காகிதத்தை எந்த அதிகாரியும் பார்க்கப்போவதில்லை. படித்தவள் தானே பார்த்துக்கொள்வாள் என்று சர்க்கார் நினைக்கிறது. அந்தக் காகிதத்தை அவளும் நானும் அகராதியும் சேர்ந்து மூன்று ராத்திரி பார்த்தோம்.

ஏஜெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஏஜெண்டு சர்க்காரில் பதிவானவரா, பதிவு எண் என்ன. தளம் எந்த ஊர். தரையில் காத்திருக்கும் நேரத்துக்கும் தாமதத்துக்கும் கூலி உண்டா. பயிற்சிச் செலவு எவ்வளவு, மாதத்துக்கு மாதம் எவ்வளவு குறையும். கர்ப்பமானால், நோய்வாய்ப்பட்டால் என்ன. பாஸ்போர்ட்டு யார் கையில் இருக்கும். பதிலை எழுத்தில் கேட்டாள். பதிவு எண்ணும் தளத்தின் பெயரும் வந்துவிட்டன. பாஸ்போர்ட்டு அவள் கையிலேயே இருக்கும் என்று எழுதிவிட்டார்கள். தரைக்கூலிக்கும் கர்ப்பத்துக்கும், “கம்பெனி விதிப்படி” என்று ஒரே வரி. விதிப்புத்தகத்தை அனுப்பு என்று மறுபடி எழுதியிருக்கிறாள். கையெழுத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அவளோடு அதே ஏஜெண்டிடம் காகிதம் வாங்கிய இன்னும் ஐந்து பெண்கள் இருக்கிறார்களாம், இரண்டு பேர் கேரளத்திலிருந்து. ஆறு பேரும் சேர்ந்து அதே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பலாமே என்று அவளே சொன்னாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் தெருவிலும் இப்படிக் காகிதம் வைத்துக்கொண்டு யாராவது இருந்தால், விமானத்துக்கானாலும் சரி, கப்பலுக்கானாலும் சரி, வீட்டு வேலைக்கானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க ஆபீசுக்குக் கூட்டிவாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வரச்சொல்லுங்கள். அகராதி மேஜை மேலேயே இருக்கிறது.